வெள்ளம் வரும் நாள்

"நம்ம வீடுகள்ல புக்குன்னா அது பரீட்சைக்கு உள்ளதுட்டி. பரீட்சை முடிஞ்சாச்சுன்னா நீயும் தொடமாட்ட, பாத்துக்க."

கல்லூரியில் மூன்று வருடமும் என் பக்கத்து இருக்கையில் இருந்த தோழிதான் இதைச் சொன்னாள். கடைசித் தேர்வு முடிந்த வாரம் அது. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிளை நூலகத்தில் சேர்ந்துவிட்டு, உறுப்பினர் அட்டையைக் கையில் பிடித்தபடி படியிறங்கி வந்தேன். அவள் வெளியே நின்று ஏத்தவாழைக்காய்ச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அட்டையை வாங்கிப் பார்த்தாள், சிரித்தாள், இதைச் சொன்னாள், திருப்பிக் கொடுத்தாள். அவள் விரலின் எண்ணெய்க் கறை அந்த அட்டையில் இன்னும் இருக்கிறது.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அப்பா தன் பெயரை எழுதுவார், அதோடு சரி. கொத்தனார் வேலைக்கு வெளிநாடு போன இடத்தில் கையெழுத்துக்காகப் பழகியது அது. அந்த வீட்டிலிருந்து போய் நான் பி.காம். முடித்திருக்கிறேன். இதைச் சொல்லும்போது என் தலை கொஞ்சம் நிமிரும், நிமிரட்டும். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, இனி நீ புத்தகம் தொடமாட்டாய் என்று ஒருத்தி சிப்ஸ் தின்றுகொண்டே சொன்னால் எப்படி இருக்கும்?

ஆனால் அவள் சொன்னதுதான் நடந்தது.

முதல் சில மாதங்கள் நான் புத்தகங்களை எடுத்து வந்தேன், தவணை தாண்டித் திருப்பிக் கொடுத்தேன். நடுவில் எதுவும் நடக்கவில்லை. தினமும் இத்தனை பக்கம் என்று ஒரு திட்டம் போட்டேன். இரவு சாப்பிட்டதும் ஒரு பக்கம் எழுதியே தீர்வது என்று இன்னொன்று. நாகர்கோவிலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், பேருந்தில் வாசிக்கலாம் என்று மூன்றாவது திட்டம். பேருந்து தக்கலை வளைவுகளைத் தாண்டுவதற்குள் எனக்குத் தலை சுற்றி, பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி எலுமிச்சம்பழம் கொடுக்கும்படி ஆனது. வீட்டுக்குள் உட்கார்ந்தால் யாராவது விளிப்பார்கள். படுத்துக்கொண்டு வாசித்தால் புத்தகம் முகத்தில் விழும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு நாவலை எடுத்து முதல் அத்தியாயத்தை முடித்துப் பார்க்கிறேன், பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். கதாநாயகனின் ஊர், அவன் அப்பாவின் தொழில், அவன் ஊரைவிட்டுப் போனதற்கான காரணங்கள். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு வரக்கூடிய இடங்கள் எல்லாம். கை தானாகச் செய்த வேலை அது. நூலகத்துப் புத்தகமாயிற்றே என்று ரப்பர் வைத்து அழித்தேன். பள்ளிக்கூடமும் கல்லூரியும் எனக்குக் கற்றுத் தந்த வாசிப்பு அதுதான்: கேட்கப் போவதைத் தேடுவது.

என்னைக் காப்பாற்றியது தண்ணீர்.

எங்கள் பக்கத்தில் தண்ணீரை வெள்ளம் என்போம். மேற்கே போகப் போக மலையாளம் கலந்துவிடும் பேச்சு எங்களுடையது. குடிக்க வெள்ளம், குளிக்க வெள்ளம், குழாயில் வருவதும் வெள்ளம். எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு தெருக்குழாய் இருக்கிறது, நான்கு வீட்டுக்குப் பொது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியும் நேரத்தில் வரும். குடத்தை வைத்துவிட்டு உள்ளே போக முடியாது. போனால் நம் குடம் நகர்ந்திருக்கும். டிரம்முக்கு ரப்பர் ஓஸ் போட்டுவிட்டு அகலவும் முடியாது. நிறைந்து வழிந்தால் தெருவே சத்தம் போடும். அம்மா அந்த நேரத்தில் சமையலை முடித்தாக வேண்டும், அவளுக்கு அண்டி ஆபீசுக்குப் போக வேண்டும். முந்திரிக்கொட்டை உடைத்துத் தொலி உரிக்கும் தொழிற்சாலைக்கு எங்கள் ஊரில் அண்டி ஆபீஸ் என்று பெயர். "நானும் ஆபீசுக்குத்தான் போறேன், நீயும் ஆபீசுக்குத்தான் போற," என்பாள் அம்மா. ஆகவே குழாயடிக் காவல் என் பொறுப்பு.

குழாயை ஒட்டி ஒரு துணி துவைக்கும் கல் கிடக்கிறது. ஒரு காலை, செய்வதற்கு ஒன்றுமில்லாமல், தவணை தாண்டிய ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லில் உட்கார்ந்தேன். யாரும் என்னை விளிக்கவில்லை. நான் வேலையில் அல்லவா இருக்கிறேன்! கையில் பென்சிலும் இல்லை. குடம் நிறைந்தபோது நான் எங்கேயோ இருந்தேன், வழிந்த தண்ணீர் காலில் பட்டுத்தான் திரும்பி வந்தேன்.

அதன் பிறகு வெள்ளம் வரும் நாளெல்லாம் எனக்கு வாசிப்பு நாள். நிமிர்ந்து பார்க்காமலே குடம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். காலிக் குடத்தில் விழும் சத்தம் தடதடவென்று இருக்கும். கழுத்து நெருங்க நெருங்க அது மெலிந்து, கடைசியில் கிசுகிசுக்கும். அந்தக் கிசுகிசுப்பு கேட்டால் எழுந்து குடத்தை மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் விட்ட வரி கண்ணில் தானாகப் படும். புத்தகத்தின் ஓரங்கள் நனைந்து உப்பிப் போயின. நூலகத்தில் இருக்கும் அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இத ஆத்துலயா போட்டு எடுத்த?" என்று கேட்டார். அதிலிருந்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்து வாசிக்கிறேன்.

எழுத்து தானாக வந்து சேர்ந்தது. வெள்ளம் வராத நாளிலும் கண் அதே நேரத்துக்கு விழித்துவிடும். வீடு இன்னும் எழுந்திருக்காது. போய் அதே கல்லில் உட்கார்ந்தேன். பெரிய வாளியைக் கவிழ்த்து வைத்தால் மேசை. அலுவலகத்தில் ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாள்கள் கிடைக்கும், அவற்றின் மறுபக்கத்தில் எழுதுவேன். சில நாள் நாலு வரி. சில நாள் எழுதியதை அடிப்பதுதான் வேலை. ஆனால் வெள்ளம் வந்தால் வாசிப்பு, வராவிட்டால் எழுத்து என்று ஆனபின், இன்று செய்யலாமா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. அதை எனக்காகக் குழாய் முடிவு செய்தது.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, அம்மா என்னிடம் பைய வந்து கேட்டாள்:

"எத்தன பேப்பர் மக்கா?"

"என்ன பேப்பர்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா தன் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, என் தோளைத் தொட்டு, மிகுந்த அன்போடு சொன்னார்:

"எங்க மூத்தவனுக்கும் அரியர் கெடந்துதான் மக்கா எடுத்தான். நீ விடாம படி. எடுத்துரலாம்."

"எனக்கு அரியர் ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் பாஸ்."

"சரி சரி. நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்."

தோற்றுப்போன பாடம்! நான் தேர்வில் தவறிவிட்டதை மறைத்துவிட்டு, திரும்ப எழுதுவதற்காக விடியற்காலையில் உட்கார்ந்து படிக்கிறேன் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வாசிப்பதற்கும் பாடம் படிப்பதற்கும் எங்கள் வீடுகளில் ஒரே சொல்தான்: படிப்பு. அந்தப் படிப்பு முடிந்தவள் மறுபடி படிக்கிறாள் என்றால், முடியவில்லை என்றுதானே பொருள்? அப்பா வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் வந்தார். வழக்கமாக மழை பெய்ததா என்று கேட்பவர் அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "மக்களே, பயப்படாண்டாம். அடுத்த தடவ எழுதிரலாம். பீஸு நான் அனுப்புதேன்," என்றார்.

அம்மாவிடம் போய் நேராகக் கேட்டேன்.

"நான் பெயிலுன்னு யாரும்மா சொன்னா?"

"யாரும் சொல்லல. எனக்குக் கண்ணு இல்லியா? படிச்சு முடிச்ச பிள்ள எதுக்குட்டி படிக்கணும்?"

பட்டச் சான்றிதழை எடுத்து வந்து அவள் முன்னால் விரித்தேன். முதல் வகுப்பு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்தாள். அண்டிப் பால் பட்டுக் கறுத்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டாள், தாளைத் தொடவில்லை.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு நீ சொன்னாத்தானே மக்கா எனக்குத் தெரியும்?"

சான்றிதழைத் திரும்ப உறைக்குள் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "அண்டி ஆபீசுல எல்லாருட்டயும் சொல்லிட்டேன், எம்பிள்ள பாஸாயிட்டான்னு. முட்டாயி குடுத்தேன். இப்ப அவளுவ வந்து கேக்காளுவ. நீ படி, நான் வேண்டாம்னு சொல்லல. உள்ள இருந்து படி. ஆளுவ பாக்காண்டாம்."

உள்ளே போனேன். அவளுக்காகத்தான் போனேன். ஒரு மாதத்துக்குள் எல்லாம் கையைவிட்டுப் போனது. உள்ளே உட்கார்ந்து குடத்தின் சத்தம் கேட்க முடியாது. எழுந்து எழுந்து எட்டிப் பார்க்க வேண்டும், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் காவலுக்கே போய்விடுவேன். வெள்ளம் வராத நாளில் திரும்பவும் தூங்கிவிட்டேன். அம்மாவின் முகத்தில் மட்டும் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. நான் வாசித்தால் அவளுக்கு வெட்கம். நான் வாசிக்காவிட்டால், சிப்ஸ் தின்றுகொண்டே தோழி சொன்னது சரி.

ஒரு காலை, எதுவும் சொல்லாமல், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கல்லில் உட்கார்ந்தேன். அம்மா கதவில் நின்று பார்த்தாள். உள்ளே போனாள். அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. அந்த வாரமே, வெள்ளம் வராத காலைகளில், அந்தக் குழாயடியைப் பற்றி எழுதத் தொடங்கினேன். எழுதி எழுதி அடித்து, ஒருவழியாக ஒரு கட்டுரை ஆயிற்று. நூலகத்தில் வாசிக்கும் ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் கைபேசியை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்பதால், முகவரிக்குக் கீழே அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். பிறகு அதை மறந்தும்போனேன்.

பல வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் வர வேண்டிய வெள்ளம் வராமல் அன்றுதான் தாமதமாக வந்தது. தெரு முழுக்கக் குழாயடியில். நான் டிரம்முக்கு ஓஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் பட்டன் போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் அதைக் கல்லின்மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, வணக்கம். வெள்ளம் வந்ததைப் பத்தி எழுதி அனுப்பியிருந்தீங்க இல்லையா?" வேறு மாவட்டத்துப் பேச்சு, மரியாதையான ஆண்குரல்.

"எழுதினது எம்பிள்ளையாக்கும். சொல்லுங்க சாரே." பஞ்சாயத்திலிருந்து பேசுகிறார்கள், நான் புகார் எழுதிப் போட்டிருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அம்மாவின் குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

"படிச்சதும் மனசு ஒரு மாதிரி ஆயிருச்சும்மா. இப்ப வெள்ளம் வடிஞ்சிருச்சா?"

"இப்பதான் சாரே வருது. நேத்து வர வேண்டியது. வரவே இல்ல."

"நீங்க... எதிர்பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

"பின்ன? விடியமுன்ன இருந்து குடத்த வச்சிட்டுக் காத்துக் கெடக்கோம்."

"குடத்தை வச்சுக்கிட்டா?"

"குடம், வாளி, டிரம்மு எல்லாந்தான். வெள்ளம் வந்தா பிடிக்காண்டாமா?"

"அம்மா, மேடான இடம் ஏதாவது பார்த்துப் போயிடலாமே?"

"நாங்க எதுக்கு சாரே போணும்? நாங்க அங்கோட்டு நவுந்தா, எதிர்வீட்டுக்காரி எங்க குடத்தத் தள்ளிட்டு அவ குடத்தல்லா வைப்பா!"

"நான் எப்பம் தள்ளினேன் மைனி?" என்றார் எதிர்வீட்டு அக்கா போனைப் பார்த்து. "சாரே, இவங்க டிரம்முக்கே ஓஸ் போடுதாங்க, அத மொதல்ல கேளுங்க."

எனக்கு அப்போதுதான் பொறிதட்டியது. என் கட்டுரையின் முதல் வரி, 'விடியும் முன்னே வெள்ளம் வந்தது. அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்' என்பது. கொஞ்சம் தள்ளி, 'வெள்ளம் நிற்கும்வரை நான் கல்லில் உட்கார்ந்து வாசித்தேன்' என்று ஒரு வரி. எழுத்துத் தமிழில் வெள்ளம் என்றால் என்ன என்பது எனக்குத் தெரியாததல்ல, பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆனால் குழாயடியில் உட்கார்ந்து எழுதும்போது குழாயடிச் சொல்தான் வந்திருக்கிறது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை.

ஓஸைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்த இதழின் ஆசிரியர் சிரிக்க ஆரம்பித்தவர் நெடுநேரம் நிறுத்தவில்லை.

"ஊரே மூழ்கும்போது ஒரு பெண் கல்லில் உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறாள், என்ன ஒரு கற்பனைன்னு இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனேம்மா!"

"கற்பனை இல்ல சார். எங்க வீட்டு முன்னாடிதான்."

"இது இன்னும் நல்லா இருக்கு. போடறோம். வெள்ளம்ங்கிறதை மட்டும் தண்ணீர்னு மாத்திடலாமா?"

எதிரே நான்கு வீட்டுப் பெண்களும் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாத்தாண்டாம் சார்," என்றேன், அவரிடமும் எங்கள் பேச்சே வந்துவிட்டது. "எங்களுக்கு வெள்ளம்தான் வருது. அதுக்கு முன்னாடி ஒரு வரி சேர்த்து எழுதித் தாறேன்." அவர் ஒத்துக்கொண்டார்.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். "பஞ்சாயத்து இல்லியா?"

"இல்லம்மா. புக்கு போடுதவங்க. நான் எழுதினத அதுல போடப் போறாங்க."

"அதுக்குப் பரீட்சை உண்டா?"

"இல்ல."

"மார்க்கு?"

"அதுவும் இல்ல."

"அப்போ நீ இந்தக் கல்லுல இருந்து படிச்சது..."

"எனக்குப் பிடிச்சிருக்கு. அதான் படிக்கேன். எழுதவும் செய்யுதேன்."

"அரியர்?"

"ஒண்ணும் இல்லம்மா. அன்னைக்கே எல்லாம் பாஸ்."

அம்மா கல்லில் உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்தேன். எத்தனை மாதமாக அதைத் தூக்கிப் பிடித்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்குள்ளும் ஏதோ ஒன்று இறங்கியது.

"இத முன்னாடியே சொல்லப்பிடாதா?"

"எத்தன தடவ சொன்னேன்!"

"நீ சொன்னா ஆச்சா? வெளியூர்ல இருந்து ஒரு சாரு விளிச்சுச் சொன்னாருல்லா?" என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "எம்பிள்ளைக்கு அரியர் ஒண்ணும் இல்ல, கேட்டியளா?" என்றாள். தரையில் கிடந்த ஓஸ் எதிர்வீட்டு வாசலை நனைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு மட்டும் அந்த அக்கா சத்தம் போடவில்லை.

மறுநாள் அண்டி ஆபீசில் அம்மா இரண்டாவது முறையாக மிட்டாய் கொடுத்தாள். நான் என்ன எழுதினேன் என்று கேட்டார்களாம். "நாம வெள்ளம் பிடிக்கத எழுதியிருக்கா," என்றிருக்கிறாள். "அதுல எழுத என்ன இருக்கு?" என்று ஒருத்தி கேட்க, "அப்போ நம்மளயும் எழுதச் சொல்லு, அண்டி உடைச்சு உடைச்சுக் கையில ரேகையே போயாச்சு," என்று இன்னொருத்தி சொல்ல, மேஸ்திரி வந்து விரட்டும்வரை பேச்சு நடந்திருக்கிறது. அம்மா வந்து எல்லாவற்றையும் குரல் மாற்றி மாற்றிச் சொன்னாள். வெள்ளம் வராத அடுத்த காலை வந்தது. வாளியைக் கவிழ்த்து வைத்து, அவள் சொன்ன வரிசையிலேயே எழுதத் தொடங்கினேன்.

தோழிக்கும் செய்தி அனுப்பினேன். இப்போது அவள் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். "ஏட்டி, இன்னுமா படிக்க?" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "இதழ் வந்தா எனக்கு ஒண்ணு எடுத்து வை." வைத்திருக்கிறேன்.

அண்டி ஆபீஸ் கட்டுரையை நேற்று அனுப்பிவிட்டேன். முதல் பக்கத்திலேயே, அண்டி என்றால் முந்திரிக்கொட்டை, ஆபீஸ் என்றால் தொழிற்சாலை என்று எழுதி வைத்தேன். அனுப்பும்போது அம்மா பக்கத்தில் நின்று, "அந்த சாரு இனியும் விளிப்பாரா மக்கா?" என்று கேட்டாள். அதனால் கீழே என் எண்ணை எழுதவில்லை. அவளுடையதைத்தான் கொடுத்திருக்கிறேன்.